புத்தகயாவில் ஒரு கையைத் தேடி

என் மனைவி பாக்கியம் ஒரு திபெத்துச் சாமியாரின் கையுறையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

புத்தகயாவில், பெரிய கோயிலுக்குப் பின்புறம், அரசமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி. மார்கழிக் குளிர். மூடுபனியில் கோபுரத்தின் பாதிக்கு மேல் காணவில்லை. கீழே வரிசையாக மரப்பலகைகள். பலகைக்கு ஒரு மொட்டைத்தலை, கருஞ்சிவப்புத் துணி. எழுந்து நின்று கும்பிடுவார்கள், நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள், மறுபடி எழுவார்கள். பலகையில் கை வழுக்கிக்கொண்டு போவதற்காக உள்ளங்கையில் தடித்த துணி தைத்த கம்பளிக் கையுறை போட்டிருப்பார்கள். இழைப்புளி ஓட்டுகிற மாதிரி 'சர்ர்... சர்ர்...' என்று ஒரு சத்தம். அதைத் தவிர அங்கே வேறு சத்தமே இல்லை.

அவர் விழுந்த நேரத்தில்தான் பாக்கியம் பார்த்திருக்கிறாள். இடதுகை உறையில், விரல் இருக்க வேண்டிய இடத்தில் துணி சப்பையாகக் கிடந்தது. அவர் எழுவதற்குள் பலகையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"காட்டிரு சாமி. ஒரு தடவ காட்டிரு. நான் போயிடறேன்."

"அக்கா, உடுக்கா!" என் மச்சான் கோவிந்தன், பாக்கியத்தின் தம்பி, பின்னால் நின்று அடிக்குரலில் கத்தினான். "பொம்பளைங்க அவங்கள தொடக்கூடாதுக்கா! போலீஸ் வர்றான் பாரு. மாமா, நீயாவது சொல்லேன்!"

காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். நான் பாக்கியத்தைத் தடுக்கவில்லை. காவல்காரரை மறித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அந்தக் கையைப் பார்க்க வேண்டியிருந்தது.

உறை கழன்று வந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

முகம் இன்னும் பலகையில் கவிழ்ந்தபடிதான் இருந்தது.

பத்து விரல்காரன்

இந்தத் தொடரில் இதுவரை நான் ஜெயித்த கதைகளாகவே எழுதிவந்தேன். போன வாரம் பட்டறைக்குக் கரண்ட் வாங்கிய கதை வந்ததும், பஸ் நிலையத்தில் ஒருவர் என்னை நிறுத்தி, "இவ்வளவு சம்பாதிச்சீங்களே, யாருக்குங்க?" என்று கேட்டார். கேட்டவர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். அதனால் இந்த வாரம் இது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சூளகிரிப் பக்கம் ஒரு கொட்டாயில் பிறந்தவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். லாரி கழுவினேன், கடைசல் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டினேன், பிறகு ஓசூரில் சொந்தமாகப் பிரஸ் பட்டறை போட்டேன். தகட்டை அச்சின்மேல் வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து டன் கணக்கில் பாரம் இறங்கி ஒரே அடியில் பாகம் செய்துவிடும் இயந்திரம் பிரஸ். இன்றைக்கு ஓசூரில் ஓடுகிற எத்தனையோ வண்டிகளுக்குள் நான் அடித்த பாகம் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், போதும்.

இன்னொன்றையும் சொல்லிக்கொள்வேன். அத்தனை வருஷம் பிரஸ்ஸில் நின்றும் எனக்குப் பத்து விரலும் இருக்கிறது. எங்கள் தொழிலில் அது சாதாரணம் இல்லை. மத்திகிரியில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் டீக்கடையில் கிளாஸ் பிடிப்பதைப் பார்த்தாலே யார் எந்த இயந்திரத்தில் நிற்கிறான் என்று சொல்லிவிடலாம். பெண் பார்க்க வரும் இடத்தில் எங்கள் ஊரில் முதலில் மாப்பிள்ளையின் கையைத்தான் பார்ப்பார்கள். முகம் அப்புறம்.

எங்கள் ஒரே மகன் சரவணன். பாலிடெக்னிக் படித்தவன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. அந்த வகையில் என்னைக் கொண்டு பிறக்கவே இல்லை.

பெடலை ஒரு முறை மிதித்தால் பிரஸ் ஒரு முறைதான் இறங்க வேண்டும். உள்ளே சாவி என்று ஒரு சின்ன இரும்புத்துண்டு இருக்கும், அது தேய்ந்துபோனால், மிதிக்காமலே இன்னொரு முறை இறங்கிவிடும். 'ரிப்பீட் அடிச்சிருச்சு' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் பட்டறையில் எல்லோரும் முதலில் தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் பட்டறையிலேயே அப்படி ரிப்பீட் அடித்து இடதுகையில் இரண்டு விரல் போன அன்றைக்கு, சரவணன் தன் கையைப் பார்க்கவே இல்லையாம். "லைட்ட அணைங்க" என்று மட்டும் சொன்னானாம். ஆஸ்பத்திரியிலும் அழவில்லை.

அதற்குப் பிறகு பிரஸ் ஓடும்போது அவன் பட்டறைக்குள் நிற்க மாட்டான். ஒவ்வோர் அடிக்கும் அவன் தோள் துள்ளும். நான் அவனுக்கு ஆபீஸ் அறை கட்டிக் கொடுத்தேன், கண்ணாடி போட்டு. கண்ணாடியும் அடிக்கு அடி அதிர்ந்தது.

பைக் மட்டும் நின்றது

அவன் வீட்டைவிட்டுப் போனதற்குக் காரணம் கேட்பார்கள். என்னிடம் காரணம் இல்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் சமாதானம் பேசலாம். பெண் விவகாரம் என்றால் அந்த வீட்டில் போய் உட்காரலாம். அன்று காலை களி சாப்பிட்டான், கீரைக் கடைசல் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான், போச்சம்பள்ளிக்கு மாதிரிப் பாகம் கொடுக்கப் போவதாகச் சொன்னான். பைக் பஸ் நிலையத்தில் நின்றது. மாதிரிப் பாகம் பெட்டியோடு பைக்கில் இருந்தது.

நாக்பூர்ப் பக்கம் காணாமல் போன தகட்டு லாரியைப் போனிலேயே கண்டுபிடித்துக் கொண்டுவந்தவன் நான். ஓசூர் வட்டாரத்தில் அது பெரிய பேச்சு. அந்தத் தைரியத்தில் பாக்கியத்திடம், "ஒரு வாரத்துல உம் பையன ஊட்டு வாசல்ல நிறுத்தறேன்" என்றேன். வாரம் போனது, வருஷம் போனது. கூடப் படித்தவர்கள், பெங்களூர், திருவண்ணாமலை, அவன் நண்பர்களோடு ஒருமுறை போய்வந்த மைசூர்ப் பக்கத்துப் பைலகுப்பே என்று எங்கும் இல்லை.

பாக்கியம் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இரவில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குறி கேட்ட இடத்தில் பையன் பூமியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாக்கியத்துக்கு அடிக்கடி மயக்கம் வந்தது, பட்டறையில் ஷெட் சரிந்தது. எல்லாவற்றுக்கும் கோவிந்தன் ஒரே காரணம்தான் சொன்னான்.

"அவனுக்குச் செய்ய வேண்டியத செய்யாம உட்டுட்டோம், அவன் தவிச்சிகினு கெடக்கறான் மாமா. கயாவுல கொண்டுபோய் ஒரு பிண்டம் வெச்சிரலாம். அப்பதான் அக்கா தேறும்."

"உயிரோட இருக்கறவனுக்கு வெச்சா?" என்றாள் பாக்கியம்.

"இருந்தா வந்திருப்பான்க்கா."

எனக்கு அவன் சொல்வது சரி என்றே பட்டது. எதுவுமே ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான்.

ரங்கம்மா சொன்னது

அந்த நேரத்தில்தான் அடுத்த வீட்டு ரங்கம்மா காசி யாத்திரை போய்வந்தாள். புத்தகயாவில் விளக்கு ஏற்றும் இடத்தில் ஒரு மொட்டைச் சாமியார் நெய்விளக்கை எடுத்துக் கொடுத்தாராம். இடதுகையில் இரண்டு விரல் இல்லையாம்.

"மொகத்த பாத்தியா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"மொகமெல்லாம் துணி சுத்தியிருந்திச்சி பாக்கியம். கூட்டம் வேற. ஆனா அந்தக் கைய நான் நல்லா பாத்தேன். நம்ம பையன் கை மாதிரியேதான்."

பாக்கியம் அன்றே கோவிந்தனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நான் வர்றேன். மொதல்ல அங்க தேடணும். இருந்தா கூட்டிகினு வந்துருவோம். இல்லன்னா நீ சொல்றபடி பிண்டம் வை. அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

பெங்களூரில் ரயில் ஏறினோம். புளிசாதம், மூட்டை நிறைய ஸ்வெட்டர். இந்தி தெரியாத மூன்று பேர். நான் சைகையிலேயே எதையும் வாங்கிவிடுவேன், அது வேறு கதை. கயா நிலையத்தில் இறங்கும்போது குளிர் எலும்பைத் தொட்டது. அங்கிருந்து புத்தகயாவுக்கு ஆட்டோ. ஓரமாகவே ஓர் ஆறு வந்தது. தண்ணீர் இல்லை. அகலமாக மணல், மணலில் நாய்கள்.

கும்பிடுகிற கைகள்

அந்த மாதிரி ஒரு தேடலை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்தார்கள், உள்ளே தங்கநிறப் புத்தரைப் பார்த்தார்கள். நாங்கள் கை பார்த்தோம்.

தலையெல்லாம் மொட்டை. முகம் பாதி சால்வைக்குள். போனவன் இளைத்திருப்பானா, கறுத்திருப்பானா, யாருக்குத் தெரியும்? கை மட்டும் மாறாது. மஞ்சள் துணிக்காரர்கள், காவி, கருஞ்சிவப்பு, வெள்ளை என்று உலகத்தில் உள்ள அத்தனை நாட்டுச் சாமியார்களின் இடதுகையையும் பார்த்துவிட்டோம். ஜபமாலை உருட்டும் கை, சோற்றுக்கிண்ணம் ஏந்தும் கை, அரசிலை விழுந்தால் ஓடிவந்து பொறுக்கும் கை. ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் முழுசாக இருந்தது. ஐந்து விரல் இருக்கிற கையைப் பார்த்து வயிறு எரிந்தவள் பாக்கியமாகத்தான் இருப்பாள்.

கோவிந்தன் பத்தாவது வரை படித்தவன். மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்தபடி கதை சொன்னான்.

"இவரு ராஜா பையன்க்கா. பொண்டாட்டி புள்ளைய உட்டுட்டு ஊட்ட உட்டு வந்துட்டாரு. இந்த மரத்துக்குக் கீழதான் ஞானம் வந்துச்சாம்."

"இவங்கம்மா?"

"பெத்த ஒரு வாரத்துல செத்துப்போயிட்டாங்களாம்."

"தப்பிச்சா மகராசி," என்றாள் பாக்கியம்.

கோவிந்தன் கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நான்தான் கேட்டேன். "அப்பன் இன்னா பண்ணான்?"

"தேடி ஆள் அனுப்பினாரு மாமா. போனவன் திரும்பல. இன்னொருத்தன அனுப்பினாரு, அவனும் திரும்பல. போனவனெல்லாம் அங்கயே மொட்டை போட்டுகிட்டானாம்."

"அதுக்குத்தான் நானே நேர்ல வந்தேன்."

"நம்ம ரிட்டர்ன் டிக்கெட் எடுத்திருக்கோம் மாமா, மறந்துராத."

சிரித்தோம். பாக்கியம் சிரிக்கவில்லை. அவள் கண் பக்கத்தில் போன ஒரு கிழவரின் கையில் இருந்தது.

மறுநாள் கயாவுக்குப் போவதாக ஏற்பாடு. தங்கியிருந்த சத்திரத்தில் தமிழ் தெரிந்த புரோகிதர் ஒருவரைக் கோவிந்தன் பேசிவைத்துவிட்டான். அந்தக் கடைசிக் காலையில்தான் பாக்கியம் பலகையில் விழுந்து கிடந்த சாமியாரின் கையைப் பிடித்தாள்.

பனியில் போனது

அவர் தலையை நிமிர்த்தினார்.

தட்டையான முகம். குளிரில் வெடித்த கன்னம். சின்னக் கண்கள். சரவணன் இல்லை.

வயது மட்டும் அவன் வயதுதான் இருக்கும். பாக்கியம் கையை விடவில்லை. அந்த மொட்டை விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முகத்தையும் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். முகத்தைத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்பதுபோல.

காவல்காரர் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாமியார் அவரிடம் மறுகையைக் காட்டி ஏதோ சொன்னார். காவல்காரர் போய்விட்டார். பிறகு சாமியார் பாக்கியத்திடம் கேட்டார்.

"யாரு பேக்கம்மா நிமகே?"

யார் வேண்டும் உங்களுக்கு என்று. கன்னடத்தில்! ஓசூர்க்காரனுக்குக் கன்னடம் பக்கத்து வீடு. அவர் பைலகுப்பேயில் வளர்ந்தவராம். திபெத்துக்காரர்கள் அங்கே ஊர் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். மக்காச்சோளம் விதைத்து, மைசூர்ச் சந்தையில் விற்று, அந்த மண்ணின் பேச்சையும் கற்றுக்கொண்டவர். குளிர்காலத்தில் புத்தகயாவுக்கு வருவாராம். இனி எழுதுவதெல்லாம் கன்னடத்தில் பேசியது. தமிழில் சொல்கிறேன்.

நான் விஷயத்தைச் சொன்னேன். போன மாதம் விளக்கு எடுத்துக் கொடுத்தது நீங்களா என்று கேட்டேன். நான்தான் என்றார். வருஷாவருஷம் அந்த வேலை அவருடையதுதானாம். ரங்கம்மா பார்த்த கை கிடைத்துவிட்டது. அதோடு எங்கள் தேடலும் முடிந்துவிட்டது.

"எந்தக் கம்பெனியில போச்சு விரல்?" என்று பாக்கியம் கேட்டாள். அவளுக்குத் தெரிந்து விரல் போக வேறு வழி கிடையாது.

"பனியில போச்சும்மா."

சின்ன வயதில் திபெத்திலிருந்து மலையைத் தாண்டி நடந்தே வந்தாராம். கூட வந்த கூட்டத்தோடு அனுப்பிவைத்தது அவர் அம்மாதானாம். நடுவழியில் உறை தொலைந்து விரல் கறுத்துவிட்டது. நேபாளத்தில் வெட்டி எடுத்தார்கள்.

"அப்புறம் அம்மாவப் பாத்தியா?"

"இல்ல."

"இருக்காங்களா?"

"கொத்தில்லம்மா." தெரியாது என்றார். வெகுகாலம் முன்பு யாரோ ஒருவர் மூலம் ஒரு சேதி வந்ததாம். பிறகு எதுவும் இல்லை.

"போய்ப் பாக்கறதுதானே?"

"போக முடியாது."

"நீ உயிரோட இருக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனைக்கறேன்."

பாக்கியம் அவர் கையை மெதுவாகப் பலகையின்மேல் வைத்தாள். கையுறையை எடுத்து, வெற்று விரல்கள் மடங்காமல் நீவி, அவளே மாட்டிவிட்டாள். அவர் தடுக்கவில்லை. கோவிந்தன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

எழுந்துபோகும்போது அவர் எங்களை விளக்கு வரிசைக்கு அழைத்துப்போனார். உங்கள் பையன் பேரில் ஒன்று ஏற்றுங்கள் என்றார். இரண்டு மேசைகள் இருந்தன. "இருக்கறவங்களுக்கு இந்தப் பக்கம், போனவங்களுக்கு அந்தப் பக்கம். எதுல வைக்கட்டும்?"

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் பாக்கியத்தைப் பார்த்தேன்.

"இந்தப் பக்கம்," என்றாள்.

எள் இல்லாத உருண்டை

ஆனால் பேச்சு பேச்சுதான். இல்லையென்றால் பிண்டம் என்று சொன்னவள் அவள். மறுநாள் கயாவில் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வந்து நின்றாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவள் மறுக்காதது எனக்குப் பயமாக இருந்தது.

புரோகிதர் மாவை வைத்தார், எள்ளை வைத்தார். "பையன் பேரு, கோத்திரம் சொல்லுங்கோ."

பட்டறைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. நாலு ஷெட் தள்ளி நிற்பவனைக் கூப்பிடுவேன். அன்றைக்கு ஒரு பெயர் வெளியே வரவில்லை.

"சொல்லு மாமா," என்றான் கோவிந்தன்.

பாக்கியம் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு வயதான ஜோடி. குஜராத் பக்கம்போல. அவர்களும் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தயிர் கலந்து. எள் இல்லை.

"அவங்க ஏன் எள்ளு போடல?"

புரோகிதர் தயங்கினார். "அது வேறம்மா. அது அவாளுக்கே வெச்சுக்கறது. பின்னால செய்ய ஆள் இல்லாதவா, உயிரோட இருக்கறச்சேயே தனக்குத்தானே வெச்சுண்டு போயிடுவா. இங்க ஜனார்த்தனர் கோயில்ல சாமி கையில உருண்டையக் குடுத்து, நாங்க போனப்புறம் எங்களுக்கு இதக் குடுன்னு கேட்டுக்கணும்."

பாக்கியம் ஈரத் தலைப்பைப் பிழிந்தாள்.

"ஏங்க. நமக்கு அத வெச்சிரலாம்."

"இன்னா பேசற நீ? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். எனக்குக் கொள்ளி வைக்க ஓசூரே வரும்!"

"வருவானுங்க. பிரஸ்ஸு யாருக்குன்னு கேட்டுகினு வருவானுங்க."

"அக்கா, நீ ஒத்துகினுதானே வந்த?" என்றான் கோவிந்தன்.

"ஒத்துகினுதான் வந்தேன். அங்க அந்தப் பையனப் பாத்தல்ல? அவங்கம்மா எங்கயோ ஒக்காந்து அவனுக்கு எள்ளு எறச்சிருந்தா அது யாருக்குடா போயிருக்கும்? அவன் நல்லா இருக்கறான். விழுந்து விழுந்து கும்புடறான். ஆனா வர மாட்டான். அவ்ளோதான்." என் பக்கம் திரும்பினாள். "நம்ம பையனும் இருக்கான். வர மாட்டான். ரெண்டும் நெசம். நான் இத்தன வருஷமா ரெண்டுல ஒண்ணுதான் நெசமா இருக்கணும்னு நெனச்சிகினு இருந்தேன்."

புரோகிதர் எள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

தயிர் வந்தது. நான் உருண்டை பிடித்தேன். படியேறி, இருட்டான சன்னதியில், எண்ணெய் ஏறிக் கறுத்த சாமியின் முன்னால் நின்றோம். புரோகிதர் பெயர் கேட்டார். என் பெயர் எனக்குத் தடையில்லாமல் வந்தது. அடுத்து அவள் தன் பெயரைச் சொன்னாள். அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில், அவள் தன் பெயரை அவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

வெளியே வந்ததும் கோவிந்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "ஊர்ல கேப்பாங்களேக்கா. காரியம் ஆச்சான்னு கேட்டா இன்னா சொல்றது?"

"ஆச்சுன்னு சொல்லு," என்றாள் பாக்கியம். "பையன் இருக்கான், அப்பனும் ஆத்தாளும்தான் போயிட்டாங்கன்னு சொல்லு."

கோவிந்தன் செருப்புக் குவியலில் எங்கள் இரண்டு பேருடையதையும் தேடி எடுத்துவந்து, குனிந்து, காலடியில் வைத்தான்.